கெஃபனில் ஜிஸா: 'லிக்விட் ஸ்வோர்ட்ஸ்' ஆல்பம் குறித்து

ஓர் இசை நிறுவனத்திலிருந்து மனக்கசப்போடு வெளியேறி இன்னொரு நிறுவனத்தில் சேரும் ராப் கலைஞர் தம் அடுத்த ஆல்பத்தில் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார். பழைய நிறுவனத்தாரைப் பாட்டுக்குப் பாட்டு திட்டித் தீர்க்கிறார். அல்லது புதிய நிறுவனம் தம் மேல் போட்ட பணம் வீண்போகாது என்று காட்டுவதற்காக வானொலிக்கு ஏற்ற பாடல்களை அடுக்கி வைக்கிறார். 1995 நவம்பர் 7 அன்று கெஃபன் நிறுவனம் வெளியிட்ட ஜிஸாவின் 'லிக்விட் ஸ்வோர்ட்ஸ்' இந்த இரண்டு வழியிலும் போகவில்லை. பழைய கணக்கை அது ஒரே ஒரு பாடலில் சுருக்கமாகத் தீர்த்துவிடுகிறது. புதிய நிறுவனத்தை மகிழ்விப்பதற்கென்று அதில் எதுவுமே இல்லை. ஜிஸாவின் ராப் குழுவான வு-டாங் கிளானைச் சேர்ந்தவர்கள் தனித்தனியே வெளியிட்ட ஆல்பங்களில் இதையே நான் முதலிடத்தில் வைப்பேன். நிறுவனம் மாறியதால் மட்டும் இந்த உயரம் கிடைத்துவிடவில்லை என்பதையும், மாறும்போது ஜிஸா எதையெல்லாம் தம்முடன் எடுத்துச் சென்றார் என்பதில்தான் இதன் காரணம் இருக்கிறது என்பதையும் சொல்லவே இந்த மதிப்புரை.

ஜிஸாவின் இயற்பெயர் கேரி கிரைஸ். 1966இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். வு-டாங் கிளானின் ஒன்பது பேரில் வயதில் மூத்தவரும் அவர்தான், முதலில் ஆல்பம் வெளியிட்டவரும் அவர்தான். அதே குழுவின் ரிஸாவும் ஓல் டர்ட்டி பாஸ்டர்டும் அவருடைய உறவுமுறைச் சகோதரர்கள். வு-டாங் என்ற பெயர் பிறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே மூவரும் ஒரு சிறு குழுவாகச் சேர்ந்து பாடிவந்தார்கள். 'தி ஜீனியஸ்' என்ற பெயரில் அவர் பாடிய 'வேர்ட்ஸ் ஃப்ரம் தி ஜீனியஸ்' 1991இல் கோல்ட் சில்லின் நிறுவனத்தில் வெளிவந்தது. அன்றைக்கு அது ஓர் இளம் ராப் கலைஞர் கனவு காணத்தக்க இடமாகவே இருந்தது. மார்லி மார்லின் இசைத்தயாரிப்பில் பிக் டாடி கேன், பிஸ் மார்க்கி, கூல் ஜி ராப், ராக்ஸான் ஷான்டே ஆகியோர் எண்பதுகளின் பிற்பகுதியில் நியூயார்க் ராப்பின் போக்கையே தீர்மானித்த வீடு அது. ஆனால் ஜிஸா உள்ளே நுழைந்தபோது அந்த வீட்டின் பொற்காலம் முடிந்துகொண்டிருந்தது. அவருடைய ஆல்பம் வெளிவந்த அதே 1991இன் டிசம்பரில், பிஸ் மார்க்கி அனுமதியின்றி எடுத்தாண்ட ஒரு சாம்பிள் (பிறர் பாட்டிலிருந்து வெட்டி எடுத்த இசைத்துண்டு) தொடர்பான வழக்கில் அமெரிக்க நீதிமன்றம் கோல்ட் சில்லினுக்கும் அதன் விநியோகஸ்தரான வார்னர் பிரதர்ஸுக்கும் எதிராகத் தீர்ப்பளித்தது. சாம்பிள்களை வைத்துப் பாட்டு செய்யும் முறையே அதன் பிறகு மாறிப்போனது.

அந்த முதல் ஆல்பத்தை இன்று கேட்டால் திறமைக்குக் குறைவில்லை என்பது உடனே விளங்கும். பெரும்பகுதிக்கு இசையமைத்த ஈஸி மோ பீ சாதாரணமானவர் அல்லர். அடுத்த சில ஆண்டுகளிலேயே மைல்ஸ் டேவிஸின் கடைசி ஆல்பத்துக்கும், தி நட்டோரியஸ் பி.ஐ.ஜி.யின் முதல் ஆல்பத்தின் பல பாடல்களுக்கும் இசை தந்தவர். குறை அவரிடமும் இல்லை, பாடியவரின் நாவிலும் இல்லை. அறிவும் கூர்மையும் ததும்பும் ஒரு கவிஞரை, அப்போது சந்தையில் ஓடிக்கொண்டிருந்த காதல் விளையாட்டுப் பாட்டு ஒன்றின் வழியாக உலகுக்கு அறிமுகப்படுத்தினார்கள். சிங்கிளாக, அதாவது தனிப்பாடலாக, வெளியிட்ட 'கம் டூ மீ' என்ற அந்தப் பாட்டைக் கேட்கும்போது, யாருக்கோ தைத்த சட்டையை இவருக்கு மாட்டிவிட்டது போல இருக்கிறது. ஆல்பம் விற்கவில்லை, நிறுவனம் அதற்காக உழைக்கவில்லை என்ற குறை ஜிஸாவுக்கு இருந்தது, இரு தரப்பும் பிரிந்தன. ஏறக்குறைய அதே காலத்தில் ரிஸாவும் 'பிரின்ஸ் ராக்கீம்' என்ற பெயரில் டாமி பாய் நிறுவனத்துக்காக இதே வகையான விளையாட்டுப் பாட்டு ஒன்றைப் பாடி, அங்கே தொடர முடியாமல் வெளியே வந்திருந்தார்.

இந்த இரண்டு ஏமாற்றங்களிலிருந்து பிறந்ததுதான் வு-டாங் கிளானின் ஒப்பந்தம் என்பதை மறந்துவிட்டு 'லிக்விட் ஸ்வோர்ட்ஸ்' பற்றிப் பேச முடியாது. லவுட் நிறுவனத்தோடு ரிஸா செய்துகொண்ட உடன்பாட்டின்படி குழுவாக வெளியிடும் ஆல்பங்கள் லவுடுக்கு உரியவை. ஆனால் உறுப்பினர் ஒவ்வொருவரும் தனிக்கலைஞராக வேறு எந்த நிறுவனத்தோடும் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். முன்பணம் குறைந்தாலும் இந்த உரிமை வேண்டும் என்று அவர் விடாப்பிடியாக நின்றார். 1993 நவம்பரில் குழுவின் முதல் ஆல்பம் வெளிவந்து பெயர் பெற்றதும், மெத்தட் மேன் டெஃப் ஜாமுக்கும், ஓல் டர்ட்டி பாஸ்டர்ட் எலெக்ட்ராவுக்கும் போனார்கள். ரேக்வான் லவுடிலேயே தங்கினார். ஜிஸா கெஃபனுக்குச் சென்றார். ஆக, நிறுவனங்கள்தான் வெவ்வேறு. எல்லோருடைய ஆல்பத்துக்கும் முதன்மை இசைத்தயாரிப்பாளர் ரிஸாவே. பாட்டு உருவான இடமும் பெரும்பாலும் நியூயார்க்கின் ஸ்டேட்டன் ஐலண்டில் அவர் வீட்டு நிலவறையில் இருந்த ஒலிப்பதிவுக்கூடமே. ஒரு கலைஞர் நிறுவனம் மாறும்போது வழக்கமாக இழந்துவிடும் அத்தனையையும் ஜிஸா இங்கே இழக்காமல் வைத்துக்கொண்டார்.

கெஃபன் அன்றைக்கு ராக் இசைக்குப் பேர்போன நிறுவனம். டேவிட் கெஃபன் 1980இல் தொடங்கி, 1990இல் எம்.சி.ஏ.வுக்கு விற்றது; கன்ஸ் அண்ட் ரோஸஸ் அங்கிருந்து வந்தவர்கள், நிர்வாணா அதன் துணைப்பிரிவிலிருந்து வந்தவர்கள். ராப்பில் அதற்கென்று ஒரு வீட்டுப் பாணி இருக்கவில்லை. இது ஜிஸாவுக்குப் பெரிய நன்மையாக அமைந்தது என்று கருதுகிறேன். 'எங்கள் வெற்றிச் சூத்திரம் இது, நீங்களும் இப்படிப் பாடுங்கள்' என்று சொல்வதற்கான மரபே அந்தக் கட்டடத்தில் இல்லை. ஆல்பம் முழுவதையும் கேட்டு முடிக்கும்போது, நிறுவனத்தின் கை எங்கேயும் பட்டதாகத் தெரியவில்லை என்பதே முதலில் மனத்தில் நிற்கிறது.

தொடக்கத்தையே பாருங்கள். முதல் பாடல் தொடங்குமுன் ஒரு சிறுவனின் குரல் பேசுகிறது. தன் தந்தை பேரரசின் தலைசிறந்த சாமுராய் என்றும், நாட்டை ஆண்ட படைத்தலைவனான ஷோகனுக்காகத் தலைகளை வெட்டியவர் என்றும், பிறகு மனம் பேதலித்த அந்த ஷோகனே தந்தையைக் கொல்ல வீட்டுக்கு ஆட்களை ஏவினான் என்றும் அது சொல்கிறது. 1972இல் வந்த இரண்டு ஜப்பானியப் படங்களை வெட்டி ஒட்டி ஆங்கில வசனம் சேர்த்து 1980இல் வெளியான 'ஷோகன் அசாசின்' படத்திலிருந்து எடுத்தவை இப்பகுதிகள். ஆல்பம் நெடுகப் பாடல்களுக்கிடையே இவை தலைகாட்டுகின்றன. தற்காப்புக் கலைப் படங்களிலிருந்து வசனங்களை எடுத்துச் சேர்ப்பது வு-டாங் குழுவினரின் வழக்கம்தான். ஆனால் இங்கே அது அலங்காரமாக நின்றுவிடவில்லை. விசுவாசமாக உழைத்த ஒருவனை அவனுடைய எஜமானே வஞ்சிக்க, அவன் தன் வாளையும் தன் பிள்ளையையும் மட்டும் எடுத்துக்கொண்டு வெளியேறி, இனி எவருக்கும் அடிமையாகாமல் கூலிக்கு வாள்வீசி வாழ்கிறான் என்ற அந்தக் கதையை, நிறுவனத்தால் கைவிடப்பட்ட ஒரு பாடகனின் கதையாகவே நான் கேட்கிறேன். ஜிஸா இதை எந்த இடத்திலும் விளக்கிச் சொல்லவில்லை, விளக்காததுதான் அழகு. சிறுவனின் குரல் அடங்கியதும் பீட் எனப்படும் தாள இசை விழுகிறது, ரிஸாவும் ஜிஸாவும் எண்பதுகளில் தெருவோரங்களில் சேர்ந்து பாடிய பழைய பல்லவி ஒன்று மேலெழுகிறது. புதிய நிறுவனத்தில் வெளிவரும் முதல் பாட்டில், எந்த நிறுவனமும் தங்களைத் தீண்டாத காலத்துப் பல்லவியைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்.

ரிஸாவின் இசையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இந்த ஆல்பத்தின் குளிரையும் இருளையும் பலர் புகழ்ந்திருக்கிறார்கள். அந்தக் குளிர் எங்கிருந்து வந்தது என்பது வியப்பான செய்தி. முதல் பாடலின் அடித்தளம் மெம்ஃபிஸ் நகரத்து வில்லி மிட்சல் இசைக்குழுவின் 'குரூவின்'. 'ஷேடோபாக்ஸின்' பாடலில் சுழன்றுகொண்டே இருக்கும் குரல், அதே வில்லி மிட்சலின் தயாரிப்பில் ஆன் பீபிள்ஸ் பாடிய ஒரு துயரப் பாட்டிலிருந்து வருகிறது. 'டூயல் ஆஃப் தி அயர்ன் மைக்' பாடலின் பியானோ, மெம்ஃபிஸின் ஸ்டாக்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த டேவிட் போர்ட்டரின் ஒரு நீண்ட பாட்டிலிருந்து எடுத்தது, நட்டோரியஸ் பி.ஐ.ஜி.யின் 'ஹூ ஷாட் யா'வும் அதே ஊற்றிலிருந்து நீர் எடுத்திருக்கிறது. வெப்பமான தென்மாநிலத்துச் சோல் இசை, தேவாலயப் பாடலின் சூடு ஆறாத குரல்கள். இவற்றை ரிஸா மெதுவாக்கி, சுருதியை மாற்றி, நடுவில் முறித்து, கரகரப்பை நீக்காமல் அப்படியே விட்டு, நியூயார்க்கின் குளிர்காலத் தெருவாக்கிவிடுகிறார். மூலப்பாட்டின் உருக்கம் அழிந்துவிடவில்லை, அடியில் கிடக்கிறது. அதனால்தான் வன்முறையைப் பற்றிய வரிகளுக்குக் கீழேயும் இந்த ஆல்பத்தில் ஒரு துக்கம் ஓடிக்கொண்டே இருக்கிறது. கோல்ட் சில்லின் காலத்தின் துள்ளலான தாளத்தில் இந்தத் துக்கத்துக்கு இடமே இருந்திருக்காது.

அந்த இசைக்கு மேல் ஜிஸா பாடும் முறை வு-டாங் குழுவில் வேறெவருக்கும் இல்லாதது. ஓல் டர்ட்டி பாஸ்டர்ட் கத்துவார், கோஸ்ட்ஃபேஸ் கில்லா அழாத குறையாக உணர்ச்சிவசப்படுவார், மெத்தட் மேன் கொஞ்சுவார். ஜிஸா குரலை உயர்த்துவதே இல்லை. ஒரு சரணத்தை எழுதி, அதில் பாதியை வெட்டி, மிஞ்சியதில் மறுபடியும் தேவையற்றதைச் செதுக்கி எறிந்த பிறகே ஒலிவாங்கியின் முன் நிற்பவர் போலப் பாடுகிறார். 1997இல் குழு வெளியிட்ட இரண்டாவது ஆல்பத்தின் ஒரு பாட்டில், சுருங்கச் சொன்னால் வலிமை இரட்டிப்பாகும் என்ற பொருளில் அவரே ஓர் அறிவுரை தருகிறார்; அந்த அறிவுரைக்கான செயல்விளக்கத்தை இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே இங்கே கொடுத்துவிட்டார். அடியின் இறுதியில் மட்டும் இயைபு வந்து விழுவதோடு அவர் நிறைவடைவதில்லை. அடிக்கு நடுவிலும் ஓசைகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போகும். ஆனால் அந்த ஓசைக்காகப் பொருளை வளைத்த ஓர் இடத்தைக்கூட என்னால் காட்ட முடியவில்லை.

இதற்குச் சிறந்த சான்று 'கோல்ட் வேர்ல்ட்' (குளிர்ந்த உலகம்). கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவைப் பற்றி ஆங்கிலக் குழந்தைகள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பழைய கவிதை உண்டு. வீடு முழுவதும் அமைதி, ஒரு சுண்டெலிகூட அசையவில்லை என்று தொடங்கும். ஜிஸா அதே சந்தத்தை எடுத்து, புத்தாண்டுக்கு முந்தைய இரவின் அரசு அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மாற்றுகிறார். அங்கே ஒரு துப்பாக்கிகூட அமைதியாக இல்லை. குழந்தைகள் தூங்க வேண்டிய இரவில் தோட்டாக்கள் பறக்கின்றன என்ற செய்தியை, குழந்தைப் பாட்டின் மெட்டிலேயே வைத்துச் சொல்கிறார். இதற்கு மேல் அவர் ஒரு சொல்கூட இரக்கம் காட்டிப் பேசவில்லை, ஆத்திரப்படவுமில்லை. நேரில் கண்டவன் வாக்குமூலம் கொடுப்பது போன்ற குரல். இன்ஸ்பெக்டா டெக் அடுத்த சரணத்தை ஏற்கிறார்; லைஃப் என்பவர் பாடும் பல்லவி ஸ்டீவி வொண்டரின் 'ராக்கெட் லவ்' பாட்டின் ஓர் அடியை எதிரொலிக்கிறது. காதல் முறிவைப் பற்றிய அடி, ஒரு குடியிருப்பே கைவிடப்பட்டதைப் பற்றிய அடியாகிறது. சோல் பாடகர் டி'ஏஞ்சலோ பாடும் ரீமிக்ஸ் பதிப்பு ஒன்றும் இப்பாடலுக்கு உண்டு. இனிமையானது, ஆனால் மூலத்தின் கடுமை அதில் இல்லை.

'கோல்ட்' (தங்கம்) பாடலில் தெருமுனைப் போதைப்பொருள் வியாபாரத்தின் எல்லைச் சண்டை, 'கில்லா ஹில்ஸ் 10304' பாடலில் அதே தொழிலின் மேல்மட்டம் என்று குற்ற உலகத்தின் இரண்டு அடுக்குகளைக் காட்டுகிறார். பின்னதன் தலைப்பில் உள்ள எண் ஸ்டேட்டன் ஐலண்டின் ஓர் அஞ்சல் குறியீடு. 'ஐ காட்சா பேக்' 1994இலேயே 'ஃப்ரெஷ்' என்ற திரைப்படத்தின் பாடல் தொகுப்பில் வெளிவந்தது. தாம் வளர்ந்த புரூக்ளினின் தெருக்களையும், அங்கே வளரும் பிள்ளைகளையும் பற்றிய அப்பாடல், அண்ணன் ஒருவர் தம்பியைத் தோளில் கைபோட்டு அழைத்துப் பேசுவது போன்ற தொனியில் இருக்கிறது. ஆல்பத்தின் இறுக்கம் தளரும் இடம் அது ஒன்றுதான்.

இனி, நிறுவன மாற்றத்தை நேராகப் பேசும் பாடல்: 'லேபிள்ஸ்'. இதற்கு முன்பே, குழுவின் முதல் ஆல்பத்தில் வந்த 'புரொடெக்ட் யா நெக்' பாடலின் கடைசிச் சரணத்தில், இசையறிவே இல்லாதவர்களைக் கலைஞர்களின் மேல் மேலாளர்களாக உட்காரவைக்கும் நிறுவனங்களை ஜிஸா கடுமையாகச் சாடியிருந்தார். அதே கோபம் இங்கே வேறு வடிவம் எடுக்கிறது. தொடக்கத்தில் ரிஸா ஓர் எச்சரிக்கை விடுக்கிறார்: புட்டியின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் படிக்காமல் குடித்தால் அது நஞ்சாக இருந்துவிடலாம். அதற்குப் பிறகு ஜிஸா டாமி பாய், டெஃப் ஜாம், ரூத்லெஸ் என்று அன்றைய இசை நிறுவனங்களின் பெயர்களை ஒன்றன்பின் ஒன்றாக, வாக்கியத்தின் இயல்பான சொற்களாகவே நெய்துகொண்டு போகிறார். பெயர் என்று தெரியாதவருக்கு அது சண்டைக்கு அழைக்கும் ஒரு சரணம். தெரிந்தவருக்கு அமெரிக்க ராப் வணிகத்தின் முழு வரைபடம். புலம்பலாக முடிந்திருக்கக்கூடிய ஒன்றைக் கைத்திறனாக மாற்றியிருப்பதுதான் இங்கே வியக்கத்தக்கது. தன்னை மதிக்காத ஒரு தொழிலின் பெயர்ப்பலகைகளையெல்லாம் கழற்றித் தன் பாட்டுக்குச் சரக்காக்கிக்கொள்கிறார். இந்த உத்தி பிற்காலத்தில் அவருடைய கைமுத்திரையாகவே ஆனது. பத்திரிகைகளின் பெயர்களை வைத்தும், புகழ்பெற்றவர்களின் பெயர்களை வைத்தும் இதே முறையில் எழுதினார். அவை நன்றாகவே இருந்தாலும், 'லேபிள்ஸ்' அளவுக்கு அவற்றில் தேவை இல்லை. நிறுவனங்களால் அடிபட்டவர் நிறுவனங்களின் பெயரைச் சொல்லும்போது ஒவ்வொரு பெயருக்கும் ஒரு காரணம் இருக்கிறது.

விருந்தினர்கள் வரும் பாடல்களில் 'ஃபோர்த் சேம்பர்' மலை உச்சி. சிறுவன் பந்தைத் தேர்ந்தெடுக்கிறானா வாளைத் தேர்ந்தெடுக்கிறானா என்று தந்தை சோதிக்கும் காட்சியின் வசனத்தோடு அது தொடங்குகிறது. கிழிந்த மின்கிதார் போல ஒலிக்கும் ஒரு முரட்டு இசைத்துணுக்கு வந்து விழுகிறது. வானம் ஏன் நீலம், நீர் ஏன் ஈரம், யூதாஸ் ஏன் காட்டிக்கொடுத்தான் என்று கேள்விகளை அடுக்கிக்கொண்டு கோஸ்ட்ஃபேஸ் நுழைகிறார். கில்லா பிரீஸ்டும் ரிஸாவும் அடுத்தடுத்து வேகத்தை ஏற்றிக்கொண்டே போக, கடைசியில் ஜிஸா வந்து அதே அமைதியான குரலில் முடித்துவைக்கிறார். மற்ற மூவரும் மூட்டிய தீயில் நிற்கும்போதுதான் அவருடைய நிதானத்தின் மதிப்பு முழுவதுமாக விளங்குகிறது. நிறுவனம் மாறியபோதும் குடும்பத்தை இழக்கவில்லை என்று முன்பு சொன்னதன் பலன் இது. லவுடிலும் டெஃப் ஜாமிலும் எலெக்ட்ராவிலும் ஒப்பந்தம் ஆனவர்கள் கெஃபன் ஆல்பத்தில் தாராளமாக வந்து பாடுகிறார்கள்.

ஆனால் அந்தத் தாராளம் சில இடங்களில் எல்லை மீறுகிறது. 'ஷேடோபாக்ஸின்' பாடலைத் தொடங்குவதும் முடிப்பதும் மெத்தட் மேன்; நடுவில் ஒரு சரணம் மட்டுமே ஜிஸாவுக்கு. பாட்டு அருமையானது, மெத்தட் மேன் அதில் உச்சத்தில் இருக்கிறார். ஆனாலும் ஆல்பத்துக்கு உரியவர் தம் வீட்டிலேயே விருந்தாளியாகிவிட்டார். குறுந்தகட்டுப் பதிப்பில் கடைசியாக வரும் 'பி.ஐ.பி.எல்.இ.' இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஃபோர்த் டிசைப்பிள் இசையமைத்து கில்லா பிரீஸ்ட் தனியாகவே பாடும் அப்பாடலில் ஜிஸா இல்லவே இல்லை. மதங்களிடம் உண்மையைத் தேடி அலைந்த ஓர் இளைஞனின் கதையாக அது மனத்தைத் தொடுகிறது. ஆல்பத்தின் முடிவாக அது பொருந்தவில்லை. 'ஸ்வோர்ட்ஸ்மேன்', 'லிவிங் இன் தி வேர்ல்ட் டுடே' ஆகியவை வேறு எவருடைய ஆல்பத்திலும் நல்ல பாடல்கள் எனப்படும்; இங்கே சராசரிதான்.

பெண்கள் இந்த உலகத்தில் ஏறக்குறைய இல்லை என்பதும் ஒரு குறையே. ஆன் பீபிள்ஸின் குரல் சாம்பிளாக அழுகிறது; அதைத் தவிர அந்தக் குடியிருப்புகளில் வாழும் தாய்மார்களும் சகோதரிகளும் என்ன பார்த்தார்கள் என்று கேட்க எவருமில்லை. குழந்தைகளின் மேல் இவ்வளவு கவனம் வைத்த ஒரு கவிஞரிடம் இந்த வெற்றிடம் கண்ணில் படுகிறது. மற்றொன்று, ஃபைவ் பர்சென்டர்கள் என்று அறியப்படும், 1964இல் ஹார்லமில் நேஷன் ஆஃப் இஸ்லாமிலிருந்து பிரிந்து தோன்றிய இயக்கத்தின் கலைச்சொற்கள். எண்களுக்கும் எழுத்துகளுக்கும் தத்துவப் பொருள் கொடுக்கும் அந்த இயக்கத்தின் பேச்சுவழக்கு வு-டாங் பாடல்கள் முழுவதும் பரவியிருக்கிறது. அதை அறியாதவர்களுக்குப் பல அடிகள் பூட்டியே இருக்கும். பாடல் வரிகளை எதிரில் வைத்துக்கொண்டு நிதானமாகக் கேட்பவர்களுக்கே இந்த ஆல்பம் தன்னைத் திறந்து காட்டும். குரலைச் சில இடங்களில் இசைக்குள் அமிழ்த்தியே கலந்திருப்பதால் அந்தத் தேவை இன்னும் கூடுகிறது.

வெளிவந்தபோது அமெரிக்க ஆல்பங்களின் விற்பனைப் பட்டியலான பில்போர்டு 200இல் 9ஆம் இடத்தைப் பிடித்தது; சில வாரங்களிலேயே ஐந்து லட்சம் பிரதிகளுக்கான கோல்ட் சான்றிதழ் பெற்றது; பத்து லட்சத்துக்கான பிளாட்டினம் சான்றிதழ் 2015இல்தான் வந்தது. இருபது ஆண்டுகள் மெல்ல மெல்ல விற்று அந்த எண்ணிக்கையை எட்டியிருக்கிறது என்பது, விளம்பரத்தைவிட வாய்வழிப் புகழால் வாழ்ந்த ஆல்பம் என்பதற்குச் சான்று. புகழ் வந்த பிறகு கோல்ட் சில்லின் தன் கையிலிருந்த பழைய ஆல்பத்தையும் மறுபதிப்பு செய்து விற்றது என்பதையும் சொல்லியாக வேண்டும். 'லேபிள்ஸ்' பாடலின் கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை.

புதிய நிறுவனம்தான் வெற்றியைத் தந்தது என்று நினைப்பவர்கள், ஜிஸாவின் அடுத்த ஆல்பமான 'பினீத் தி சர்ஃபேஸ்' பக்கம் திரும்பலாம். 1999இல் அதே நிறுவனத்திலிருந்து வந்தது. பாடியவரின் திறமை ஒரு துளியும் குறையவில்லை. ஆனால் ரிஸாவின் பங்கு அதில் மிகக் குறைவு. நல்ல வரிகள் சாதாரணமான பீட்களின் மேல் நடந்து போகின்றன, முன்பிருந்த அந்தத் துக்கம் அடியில் ஓடவில்லை. மறுபுறம், 1998இல் டெத் ரோவை விட்டு நோ லிமிட்டில் சேர்ந்த ஸ்னூப் டாக்கின் ஆல்பத்தை எண்ணிப் பார்க்கிறேன். பில்போர்டில் முதலிடத்தில் நுழைந்த ஆல்பம் அது; ஆனால் நோ லிமிட்டின் சொந்த இசைக்குழுவினர் அவர்களுடைய வழக்கமான அச்சிலேயே அவரை வார்த்துவிட்டார்கள், கலிஃபோர்னியாவின் சோம்பலான அழகு கொண்ட அந்தக் குரலுக்கு லூசியானாவின் தாளம் ஒட்டவே இல்லை. அவருக்கு இருந்த விற்பனை வலிமை ஜிஸாவுக்கு ஒருபோதும் இருந்ததில்லை. தம் இசையைத் தம்முடனேயே கொண்டுபோகும் உரிமை ஜிஸாவுக்கு இருந்தது.

அட்டைப்படத்துக்கும் ஒரு பாராட்டு உண்டு. கறுப்பினத்தவர் தாமே உரிமையாளர்களாக இருந்து நடத்திய மைல்ஸ்டோன் காமிக்ஸ் நிறுவனத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான டெனிஸ் கோவன் வரைந்தது. சதுரங்கப் பலகையின் மேல் வாளேந்திய வீரர்கள் மோதிக்கொள்கிறார்கள். ஜிஸா சதுரங்கத்தில் தீவிர ஈடுபாடு கொண்டவர். காய் நகர்த்துமுன் யோசிக்கும் அந்த மனம் ஆல்பம் முழுவதும் தெரிகிறது.

வாங்க விரும்புவோர்க்கு: 2012இல் கெட் ஆன் டவுன் நிறுவனம் ஒரு சிறு சதுரங்கப் பலகையோடு பெட்டிப் பதிப்பாக வெளியிட்டது, அதில் பாடல்களின் இசை மட்டும் கொண்ட தனித்தகடும் உண்டு. பொருள் சேகரிப்பவர்களுக்குச் சதுரங்கப் பலகை பிடிக்கும். என் பரிந்துரை அந்த இரண்டாவது தகட்டுக்காகத்தான், ஏனெனில் ரிஸா எதை எங்கே முறித்தார் என்பதைக் குரல் இல்லாதபோதுதான் தெளிவாகக் கேட்க முடிகிறது. சாதாரணப் பதிப்பே பெரும்பாலானோர்க்குப் போதும், இணைய இசைச் செயலிகளிலும் முழு ஆல்பம் கிடைக்கிறது. வசைச்சொற்களும் வன்முறையும் நிறைந்த ஆல்பம் என்பதால் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் போட வேண்டாம். புதிதாகக் கேட்பவர்கள் 'கோல்ட் வேர்ல்ட்' பாடலில் தொடங்கி, 'ஃபோர்த் சேம்பர்', 'லேபிள்ஸ்' என்று போய், பிறகு ஏறக்குறைய 55 நிமிடம் ஓடும் முழு ஆல்பத்தையும் வரிசை மாற்றாமல், வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கலாம்.